ஏரிக்கு நான் போட்ட எல்லை

போன மழைக்காலத்தில் பெங்களூரில் எங்கள் நான்காவது குறுக்குத் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. சாக்கடையும் ஏரியும் கலந்த கறுப்புத் தண்ணீர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கம் கூடியது. புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பிதான் சங்கச் செயலாளர். நல்ல பிள்ளை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். அவர்தான் பேச ஆரம்பித்தார்.

“இது ஃப்ளட் இல்ல சார். லேக் நம்ம லேஅவுட்டை என்க்ரோச் பண்ணுது. கோர்ட்டுக்குப் போயிடலாம்.”

கைதட்டினார்கள். பின்வரிசையில் குழாய் ரிப்பேர் செய்கிற ஸ்ரீராம்புரத்து ஆள் ஒருவர், “ஏரி மேலயா கேஸு? சம்மனை யாருகிட்ட குடுப்பாங்க, தவளைகிட்டயா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“அங்கிள், இங்க ஆரம்பத்துலேர்ந்து இருக்கறது நீங்க ஒருத்தர்தான். காலேஜ்ல பாடம் எடுத்தவர். இந்த ஏரியா எப்படி வந்ததுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம பெரியவங்க எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த இடத்தை உண்டாக்கினாங்கன்னு கோர்ட்டுக்குத் தெரியணும்.”

முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பில் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு எழுந்து நின்று கத்தினேன். “ஏரி எங்கயும் வரல! அது நின்ன இடத்துலதான் நிக்குது. நாமதான் அதுக்குள்ள போய் உக்காந்திருக்கோம்!” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “அங்கிளுக்கு பிபி” என்று யாரோ சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்து வீடுவரை கொண்டு விட்டாள்.

அவர்கள் கேட்ட நாலு பக்கத்தைத்தான் எழுதுகிறேன். கோர்ட்டில் கொடுக்க மாட்டார்கள். பரவாயில்லை.

எங்கள் பகுதியின் ஆரம்பம் இது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஏரிக்குத் தெற்கே இருந்த ராணுவ முகாமைக் கலைத்தார்கள். அங்கே மூட்டை சுமந்தவர்கள், சமையல் செய்தவர்கள், கோவேறு கழுதைகளுக்குப் புல் போட்டவர்கள் பெரும்பாலும் வடார்க்காட்டுத் தமிழர்கள். வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பினால் அங்கே சாப்பாட்டுக்கே வழியில்லை. காலியான கழுதைக் கொட்டகைகளில் கோணிப்பையைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு குடியிருந்தோம். என் அப்பா யுத்தம் முடிவதற்குள்ளாகவே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கும் எனக்கும் சோறு போட்டது அம்மாவின் தம்பி, என் மாமா. கொட்டகைகளையும் பிரிக்கப் போகிறோம், மழைக்கு முன்னால் காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. எங்களுக்குப் போக்கிடம் இல்லை. இதை மறைக்கவில்லை. போக்கிடம் இல்லாதவர்கள் என்பதால் நாங்கள் செய்தது சரியாகிவிடாது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கொட்டகைகளுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு ஏரி மெல்ல உள்வாங்கும். உள்வாங்கிய இடத்தில் ஈரம் காயாத கறுப்பு மண் வெளியே தெரியும். அதில் ஒரு கன்னடக் குடும்பம் அரைக்கீரையும் முள்ளங்கியும் கொத்தமல்லியும் போட்டது. மழை பிடித்தால் அந்த மண் மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும். அதற்குப் பத்திரம் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கிற கோட்டுக்குக் கீழே உள்ளது பயிர் வைக்கிறவனுக்கு, கோட்டுக்கு மேலே உள்ளது குடியிருக்க வருகிறவனுக்கு என்பது ஏரியைச் சுற்றி இருந்தவர்கள் வெகுகாலமாக ஒப்புக்கொண்ட வழக்கம்.

கோட்டுக்கு மேலே வெறும் பாறை. ஒரு வரிசை வீடுகூட எழுப்ப முடியாது. கோடு கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், ஒரு முழுத் தெருவே எங்களுக்குக் கிடைத்துவிடும். மாமா இதைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் ஒரு இடத்தைப் பார்த்ததும் அங்கே என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

தோட்டக்காரரை நான் தோட்டத்து மாவா என்று கூப்பிடுவேன். கன்னடத்தில் மாமாவை மாவா என்பார்கள். அவருடைய மகளுக்கு என் வயசு. அவளோடு சேர்ந்து தினமும் அந்தத் தோட்டத்தில்தான் கிடப்பேன். தண்ணீர் எதுவரை ஏறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புங்கமரத்தின் அடிவேர் வரை. அதற்குமேல் காய்ந்த பாசியும் நத்தைக் கூடும் கிடக்காது. அதற்கு முந்தின மழையில் அந்த வேரில் உட்கார்ந்து நானும் அவளும் தண்ணீருக்குள் காலைத் தொங்கப் போட்டிருக்கிறோம். மாவா விடியற்காலையில் கீரைக் கட்டுகளைத் தலையில் வைத்துப் பிளாக்பள்ளிச் சந்தைக்குப் போவார். இன்றைக்கு அதைத்தான் சிவாஜிநகர் என்கிறோம். திரும்பி வரும்போது எனக்கும் சேர்த்துப் பொரி வாங்கி வருவார். என்னை “மரி” என்பார். குட்டி என்று அர்த்தம். ஆட்டுக்குட்டிக்கும் அவர்கள் அதே வார்த்தையைச் சொல்வார்கள்.

போன மழைக்கு அந்த மண்ணில் தண்ணீரே ஏறவில்லை, அது காய்ந்த நிலம் என்று மாமா கிளப்பிவிட்டார். தகராறு முற்றியது. நிலம் அளக்கிற சர்வேயர் வந்தார். வெயிலில் நிற்கப் பிடிக்காதவர். “நீங்க பேசி முடிச்சு எங்கன்னு காட்டுங்க. காட்டின இடத்துல கல்லை நட்டுட்டுப் போறேன்” என்று குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஊரின் கவுடரைக் கூப்பிட்டார்கள். ஊர்த்தலைவர் அவர். கவுடர் எங்கள் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, “மண் சுமந்து நடக்கட்டும்” என்றார்.

எல்லைத் தகராறு என்றால் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் தீர்ப்பார்கள். உண்மை தெரிந்த ஒருவன் ஏரிக்குள் இறங்கி, தன் கையாலேயே ஒரு உருண்டை மண் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எல்லை நெடுக நடக்க வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது. அவன் நடந்த தடம்தான் எல்லை. பொய்யாக நடக்கிறவனுக்குக் கால் நடுங்கும், நடுங்கினால் ஏரி மண் உதிர்ந்துவிடும் என்று நம்பிக்கை. முடிந்ததும் எதிர்த்தரப்புக்காரன் உருண்டையைத் தலையிலிருந்து இறக்கி, திரும்ப ஏரியில் கரைக்க வேண்டும்.

யார் நடப்பது என்று பேச்சு வந்தது. மாமா முந்திக்கொண்டார். “அவங்க ஆளு நடந்தா நாங்க ஒத்துக்க மாட்டோம் கவுடரே.”

மாவா சிரித்தார். அவர் பேசுவது கன்னடம் கலந்த தமிழ்; ‘நிம்ம’ என்றால் உங்கள். “நம்ம ஆளு எதுக்கப்பா? நிம்ம வீட்டுப் பையனே நடக்கட்டும். எப்பவும் நம்ம தோட்டத்துலதானே இருக்கான். தண்ணி எங்க நிக்கும்னு உனக்கும் எனக்கும் விட அவனுக்கு நல்லாத் தெரியும்.”

மாமாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா இறந்த பிறகு என்னை யாரும் அப்படித் தூக்கியதில்லை. அந்தத் தோளுக்காக நான் எதையும் செய்திருப்பேன். அந்த மனுஷன் அதையும் தெரிந்தேதான் தூக்கினார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் பல் கடிபடுகிறது.

அன்று மாலை கொட்டகைக்குப் பின்னால் மாமா மண் பிசைந்தார். தேங்காய் நாரைக் கல்லில் வைத்து நைத்து, மயிர் மயிராகப் பிரித்து, களிமண்ணோடு சேர்த்து மிதித்து உருட்டினார். மேலே மட்டும் ஏரி வண்டலைப் பூசினார். அம்மாவுக்குத் தெரியாமல்தான் செய்தார். “ஒங்க அம்மா வாய் சும்மா இருக்காது. நீயும் சொல்லாதே” என்றார். பிறகு ஒரு செங்கல்லை என் தலையில் வைத்து நடக்கவிட்டுப் பழக்கினார்.

“புங்கமரம் வந்ததும் எந்தப் பக்கம்டா திரும்புவே?”

“மரத்தோரமா.”

“அடி வாங்குவே. மரத்தைப் பார்க்கவே கூடாது. தண்ணிகிட்ட யானைப் பாறை தெரியுதில்ல? அதை மட்டும் பார்த்துக்கிட்டு நேரா இறங்கு.”

“அங்க கீரை இருக்கு மாமா.”

“மிதிச்சுக்கிட்டுப் போ. கீரை உன்னைக் கடிக்காது.”

நான் சிரித்தேன். அவர் சொன்ன விதம் அப்படி. நல்ல வேடிக்கைப் பேச்சுக்காரர். நான் சிரித்ததை மன்னிப்பதற்கு எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் கரையில் கூடினார்கள். உருண்டையை மாமா விடியலிலேயே கொண்டுபோய், தண்ணீரோரம் எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் புதைத்திருந்தார். நான் இறங்கி, தோண்டுவது போலத் துழாவி, அதை எடுத்தேன். தலையில் வைத்தேன். அப்போதுதான் கவுடர் சட்டத்தைச் சொன்னார். மண் உதிர்ந்தாலும், தந்திரம் தெரிந்தாலும், நடந்தவன் பெயரை ஏரியைச் சுற்றி உள்ள எல்லா ஊர்களிலும் கூவிச் சொல்வார்கள். அவன் ஏரியில் கால் வைக்கக் கூடாது. அவன் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சாகும்வரை. சின்னப் பிள்ளை என்ற சலுகை கிடையாது.

“நடந்து முடிச்சதும் தலையை நானே தடவிப் பார்ப்பேன்” என்றார் கவுடர். “துணி, எண்ணெய், வைக்கோல், நாரு, ஒண்ணும் இருக்கக் கூடாது.”

மாமாவுக்கு இது தெரியாது. எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அவர் எழுந்து, வேண்டாம், பிள்ளையை விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சட்டம் நடந்தவனுக்குத்தான். அனுப்பியவனுக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்ட பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. எச்சிலை மட்டும் விழுங்கினார்.

நான் நடந்தேன். கால் நடுங்கவில்லை. பொய்யாக நடந்தால் கால் நடுங்கும் என்பது சுத்தப் பொய். எட்டு வயதில் எனக்கு அது நிரூபணமாகிவிட்டது. புங்கமரத்தைப் பார்க்காமல், யானைப் பாறையைப் பார்த்தபடி நேராக இறங்கினேன். காலுக்கடியில் கீரைப் பாத்தி மெத்தென்று அமுங்கியது. மாவாவின் மகள் கரையிலிருந்து கத்தினாள். “ஏய், அல்லல்ல கணோ! இல்லி, இல்லி!” அங்கே இல்லடா, இங்கே என்று சொல்கிறாள். நான் வழி தவறிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு உதவி செய்கிறாள். நடக்கிறவனிடம் யாரும் பேசக் கூடாது என்று கவுடர் அவளை அதட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்க்காமல் கடைசிப் பாத்தியையும் மிதித்துப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாவா வந்து உருண்டையை இறக்கினார். இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிப் பார்த்தார். அது உடையவில்லை. என் தலையைப் பார்த்தார். கவுடர் மேட்டிலிருந்து, “ஏனப்பா, மண்ணு ஹேகித?” என்று கேட்டார். எப்படி இருக்கிறது என்கிறார்.

“ஏரி மண்ணுதான் கவுடரே” என்றார் மாவா. “பையன் கண்ணுல சேறு போயிடுச்சு. தலையைக் கழுவிக் கூட்டிட்டு வரேன்.”

எதிர்த்தரப்புக்காரனே கழுவுகிறான். இதில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கவுடர் தலையாட்டினார். மாவா என் கையைப் பிடித்து ஆழத்துக்குக் கூட்டிப்போனார். உருண்டையைத் தண்ணீருக்கடியில் காலால் அழுத்திப் புதைத்தார். என் தலையைக் கழுவிக் கரைக்குக் கொண்டுவந்தார். கவுடர் ஈரத்தலையில் விரல்விட்டுத் தடவினார். “சுத்தம்” என்றார். சர்வேயரின் ஆட்கள் நான் மிதித்த தடத்தில் கல் நட்டார்கள். புங்கமரம் கல்லுக்கு மேலே, எங்கள் பக்கத்தில் நின்றது.

எங்கள் ஆட்கள் கொட்டகைகளின் இடிபாட்டைச் சுமந்துவந்து கீரை மண்ணைத் தூர்த்தார்கள். மண் சுவர், தகரக் கூரை. தெரு உண்டாயிற்று. முதல் பெருமழையிலேயே ஏரி வீட்டுக்குள் வந்தது. எது வரை தெரியுமா? புங்கமரத்தின் அடிவேர் வரை. ஒரு விரற்கடை கூட அதிகமில்லை. மாமா தரையை உயர்த்தினார். அடுத்த முறை வந்தது, மறுபடி உயர்த்தினார். இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மாமா பெரிய மனிதராகி, கவுன்சிலருக்கு நெருக்கமாகி, செத்தும் போனார். எங்கள் நான்காவது குறுக்குத் தெருவுக்கு அவர் பெயரையும் வைத்தார்கள். பெயர்ப் பலகைக்கு அடியில்தான் போன மழையில் முழங்கால் தண்ணீர்.

தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். ஒரு பையன் வாசலில் நின்று, “யார ஜாக இது?” என்று கத்தினான். யாருடைய இடம் இது என்று. அவனுக்கு என்னையும் தெரியாது, ஏரியையும் தெரியாது. கையில் கல் வைத்திருந்த ஒரு ரௌடிப் பயல். பக்கத்துத் தெருக்களில் ஒன்றும் அறியாத கூலிக்காரர்களை அடித்தார்கள். அந்த அக்கிரமத்தை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் கதவுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் எல்லோரும், “அம்பது வருஷமா இருக்கோம்டா, எங்க எடம்டா” என்று முணுமுணுத்தபோது, என் வாயிலிருந்து மட்டும் அந்த வார்த்தை வரவில்லை. என் மகன் என்னைக் கோழை என்று நினைத்தான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாம் மாமாவின் தலையில் இறங்கியிருக்கிறது. மண் பிசைந்தது அவர், பாதை காட்டியது அவர். நான் சொன்னபடி நடந்த சின்னப் பிள்ளை. இப்படி எழுதிக் கோர்ட்டில் கொடுத்தால் என்னை விட்டுவிடுவார்கள். இது அரை உண்மை. மீதியை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நானாகச் செய்தது.

ஏரிக்குள் மாவா என் தலையைக் கழுவினார் என்றேன் அல்லவா? அது சாதாரணமாகக் கழுவியதில்லை. என் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். நகத்தால் மண்டையைப் பறண்டினார். மூச்சு முட்டி நான் தலையைத் தூக்கினால் மறுபடி அமுக்கினார். மயிரைக் கொத்தாகப் பிடித்து, இழுத்து இழுத்து அலசினார். “மாவா, வலிக்குது!” என்று அழுதேன். அவர் எப்போதும் அப்படிச் செய்கிறவரில்லை. “சும்மனிரு மரி, சும்மனிரு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சும்மா இரு என்று. தோற்றுப்போன கோபத்தில் என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

சாயங்காலம் மாமா எனக்கு வெல்லம் கொடுத்தார். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். எங்கள் ஆட்கள் சிலர் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

“தோட்டத்து மாவா என் தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டாரு” என்றேன். “மூச்சே விட முடியல. சாகடிக்கப் பார்த்தாரு.”

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “நம்ம புள்ளைய மூழ்கடிக்கப் பார்த்திருக்கான்டா, தோத்த பய!” கொட்டகை கொட்டகையாக ஆள் கூப்பிட்டார்கள். கம்பு எடுத்தார்கள். கல் நட்டதால் போனது கீரைத் தோட்டம் மட்டும்தான். மாவாவின் குடிசை மரத்துக்கு மேலே, மேட்டுப் பாறையோரம் இருந்தது. அதை யாரும் கேட்டிருக்கவில்லை. என் ஒரு வார்த்தைக்குப் பிறகு அதுவும் போயிற்று. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரை எவ்வளவு அடித்தார்கள் என்பதை மாமா எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பின்னாளில் பிளாக்பள்ளிச் சந்தையில் கீரைக்காரர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். கண்டுபிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

உண்மையில் மாமாவைவிட அவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். கரைக்கு இழுத்துவந்து, இந்தப் பயல் பொய்யன் என்று நாலு பேர் முன்னால் என்னை அறைந்திருந்தால் அவர் தோட்டம் அவரிடம் இருந்திருக்கும். நானும் பட்டதைப் பட்டு முடித்திருப்பேன். யார் கேட்டார்கள் அவரை?

அன்று சாயங்காலம் ஆட்கள் கம்போடு கிளம்பிய பிறகு, அம்மா என்னை உட்கார வைத்துத் தலையை வாரினாள். காலையில் அவள் கரைக்கு வரவில்லை. எங்கள் பெண்கள் யாரும் வரக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். நான் வெல்லத்தைச் சப்பிக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் அவள் விரல் நின்றது. எதையோ பிடுங்கி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மெல்லிய பழுப்பு நார், ஒன்றே ஒன்று.

“ஏதுடா இது?”

இனி என்ன பயம், ஜெயித்தாயிற்று. மாமாவின் சாமர்த்தியத்தைப் பெருமையாகச் சொன்னேன். கல்லில் நைத்தது, மிதித்தது, மேலே வண்டல் பூசியது, எல்லாம். தலையைத் தடவிப் பார்ப்பேன் என்று கவுடர் சொன்னதையும், தடவிவிட்டுச் சுத்தம் என்று சொன்னதையும் சொன்னேன்.

அம்மா நாரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு, “தோட்டக்காரரு உன் தலையை எப்படிக் கழுவினாரு? காட்டு” என்றாள்.

அவள் கையை இழுத்து, நகத்தால் புறங்கையைப் பறண்டிக் காட்டினேன். மயிரைப் பிடித்து அலசியதையும் காட்டினேன். அம்மாவின் முகம் என்னவோ போலாகிவிட்டது.

“அடப்பாவி, அவரு உன்னை...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தலைமயிர் அவிழ்ந்து தொங்க, செருப்புகூடப் போடாமல், ஆட்கள் போன பக்கமாக ஏரியை நோக்கி ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு மகா சந்தோஷம். நான் பட்ட வலியைக் கேட்டதும் அம்மாவுக்கே பொறுக்கவில்லை, அவளும் அவரை அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.